ஆறு இணையக் கேமராக்கள், ஒரே கடிகாரம்: உடலசைவுப் பதிவு அமைத்த கதை

ஆறு சாதாரணக் கண்காணிப்புக் கேமராக்களை ஓர் அறையைச் சுற்றிப் பொருத்தி, நடுவில் நடக்கும் மனிதரின் மூட்டுகளை முப்பரிமாணத்தில் அளக்கும் அமைப்பு ஒருவழியாக வேலை செய்கிறது. உடலில் குறி எதுவும் ஒட்டுவதில்லை, தனி உடையும் தேவையில்லை. இரு முனைகளிலும் பந்து பொருத்திய 500 மில்லிமீட்டர் கோலை அறை முழுவதும் வீசி அசைத்தால் 497 முதல் 504 வரை அளவு வருகிறது. நடை, குந்தி எழுதல், படியேறுதல் ஆகியவற்றை ஆராய இது போதும்.

அசைவை அளப்பது ஒரு வேலை, கேமராக்களை வெளியாரிடமிருந்து காப்பது தனி வேலை என்று எண்ணித்தான் தொடங்கினேன். நடுவழியில் இரண்டும் ஒரே முடிச்சாக இறுகிவிட்டன. கேமராக்களை இணையத்திலிருந்து வெட்டியதும் அவற்றின் கடிகாரம் கெட்டது. கடிகாரத்தைச் சரிசெய்யப் போன இடத்தில்தான், அதுவரை பிடிபடாமல் இருந்த அளவுப் பிழையின் வேரும் கிடைத்தது.

ஆய்வகங்களில் இதற்கென்று இருக்கும் கேமராக்கள் ஒரு மின்துடிப்பு வந்தவுடன் எல்லாம் ஒரே கணத்தில் ஷட்டரைத் திறக்கும். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைப் பன்னிரண்டு கேமராக்களால் படமெடுத்தபோது, ஓட்டத்தடத்தின் குறுக்கே கட்டிய இழைகளில் குதிரை மோதி ஷட்டர்களை இயக்கியது. பல கேமராக்களை வைத்து அசைவைப் பிடிக்கிறவர் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, எந்தக் கேமரா எப்போது திறந்தது என்பதே. கண்காணிப்புக் கேமராவில் வெளியிலிருந்து துடிப்பு கொடுக்க வழியில்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்துக்கொண்டே இருக்கும். அதற்குள் ஒழுங்கைக் கொண்டுவருவதுதான் சவால்.

கேமராக்களும் அவற்றின் அமைப்புகளும்

நான்கு கேமராக்கள் ஒரே மாடல், இரண்டு வேறொரு நிறுவனத்தின் மாடல். எல்லாம் 1920×1080, 4 மில்லிமீட்டர் லென்ஸ், ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுபவை. கேமராக்கள் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில், அறையின் நடுவிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் தொலைவில் இருக்கின்றன. அந்தத் தொலைவில் ஒரு பிக்சல் என்பது சுமார் மூன்றரை மில்லிமீட்டர். இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

கண்காணிப்புக்கு நல்லவை என்று தொழிற்சாலையில் இயக்கி அனுப்பும் வசதிகள் பல, அளவீட்டுக்கு எதிரிகள். ஒளி வேறுபாட்டைச் சமன்செய்யும் வசதி, வெவ்வேறு ஷட்டர் நேரங்களில் எடுத்த படங்களைக் கலக்கிறது. அசையும் கைக்கு இரண்டு விளிம்பு தெரியும். இரைச்சல் குறைப்பு முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்துக் கலப்பதால் வேகமாக வீசும் மணிக்கட்டுக்குப் பின்னால் வால் முளைக்கும். முதலாவதை முழுவதும் நிறுத்தினேன், இரண்டாவதைக் குறைந்த அளவுக்கு இறக்கினேன். படத்தின் அளவைச் சுருக்கும் 'ஸ்மார்ட்' குறியாக்கத்தையும் நிறுத்திவிட்டு, நொடிக்கு ஒரு முழு ஃபிரேம் (மற்றவை முந்தையதிலிருந்து வந்த மாற்றத்தை மட்டும் சுமப்பவை), நிலையான 8 மெகாபிட் வேகம் என்று வைத்தேன். இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு வடிகட்டி தானாக நகரக் கூடாது; நகர்ந்தால் குவியம் சற்றே மாறி, அளவுத்திருத்தம் கெடும். அதைப் பகல் நிலையிலேயே பூட்டினேன்.

ஷட்டர் நேரம் மிக முக்கியம். தானியங்கி நிலையில் கேமரா 1/50 நொடி எடுத்துக்கொண்டது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் கை அந்த நேரத்தில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/250 நொடிக்குக் குறைத்தேன். மங்கல் 2 சென்டிமீட்டருக்கு இறங்கியது, அறை இருண்டது. விளக்குகளைக் கூட்டினால் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடின. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/250 நொடி அந்தத் துடிப்பைப் பிடித்துவிடுகிறது. நேர்மின்சாரத்தில் எரியும் எல்இடி விளக்குச் சரங்களை மாட்டியதும் படத்தில் ஓடிய பட்டைகள் மறைந்தன.

சுவர் எழுப்பிய கட்டம்

கேமராவை அறையில் மாட்டுவதற்கு முன், ஒன்றை மட்டும் ரூட்டரில் இணைத்து, அதன் போக்குவரத்தை வயர்ஷார்க் என்ற வலையமைப்பு ஆய்வு மென்பொருள் கொண்டு கவனித்தேன். நான் எதையும் தொடாமலேயே அது உற்பத்தியாளரின் சேவையகப் பெயர்களைத் தேடியது, தரவுப் பொதிகளை வெளியே அனுப்பியது. கருவிகள் தாமே கேட்டு ரூட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதிக்கு யுபிஎன்பி என்று பெயர்; அதன் பட்டியலைத் திறந்தால், கேமராவே கேட்டு இரண்டு போர்ட்களை (இணைப்பு வாசல்களை) வெளியுலகுக்குத் திறந்து வைத்திருந்தது. இரண்டாவது மாடலில், தொலைவிலிருந்து கருவிக்குக் கட்டளையிட உதவும் டெல்நெட்டின் 23ஆம் போர்ட்டும் திறந்திருந்தது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

23ஆம் போர்ட் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மிராய். 2016இல் அந்த நச்சுநிரல் 23, 2323 ஆகிய போர்ட்களைத் தட்டி, தொழிற்சாலையில் வைத்த அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளை மட்டும் முயன்று, கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெருந்திரளாகக் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற பெயர்ச்சேவை (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனம் தாக்கப்பட்டு, பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. மிராய் நினைவகத்தில் மட்டுமே வாழும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் போய்விடும். கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் விரைவிலேயே திரும்பி வந்துவிடும். சில கருவிகளில் டெல்நெட் கடவுச்சொல் கருவியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்ததால், இணையப் பக்கத்தில் மாற்றியும் பயனில்லாமல் போனது. ஐக்கிய இராச்சியம் பொதுவான தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பதைச் சட்டப்படி தடுத்தது 2024 ஏப்ரல் 29 முதல்தான்.

நல்ல கடவுச்சொல் வைத்தால் போதுமா என்பதற்கு 2021 மார்ச் மாதம் பதில் தந்தது. கண்காணிப்புக் கேமரா விற்கும் வெர்கடா நிறுவனத்தின் மேகச் சேவையில் உயர்நிலை நிர்வாகிக் கணக்கு ஒன்று ஊடுருவிகளின் கையில் சிக்கியது. மருத்துவமனைகள், சிறைகள், பள்ளிகளில் இருந்த ஏறத்தாழ 1,50,000 கேமராக்களின் காட்சிகள் அவர்களுக்குத் திறந்தன. அங்கே எந்தக் கேமராவின் கடவுச்சொல்லும் பலவீனமாக இருந்திருக்கத் தேவையில்லை. என் அறையில் பதிவாவது மனிதர்களின் உடல். அவர்கள் என்னை நம்பிக் குந்துகிறார்கள், குதிக்கிறார்கள். ஆகவே கேமரா வெளியே பேசுவதற்கு வழியே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முதல் வழி ரூட்டரின் தடுப்பு விதி. ஆறு முகவரிகளுக்கும் வெளிப்போக்குவரத்தைத் தடுத்து, யுபிஎன்பியை அணைத்தேன். மீண்டும் கவனித்தபோது பொதிகள் ஐபிவி6 (இணைய முகவரிமுறையின் புதிய பதிப்பு) வழியாகப் போய்க்கொண்டிருந்தன. ரூட்டரின் விதிப் பக்கம் பழைய பதிப்பான ஐபிவி4ஐ மட்டுமே பார்த்தது. கேமராக்கள் ரூட்டர் அறிவித்த முகவரி முன்னொட்டிலிருந்து தங்களுக்குத் தாங்களே ஐபிவி6 முகவரி அமைத்துக்கொண்டிருந்தன. ரூட்டரில் விதி எழுதிக் கேமராவை அடைத்துவிட்டதாக நிம்மதியாக இருப்பவர்கள் இந்த ஒன்றை உடனே சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதோடு விதிகளை நம்புவதை விட்டுவிட்டுக் கம்பியையே பிரித்தேன். இரண்டு ஈதர்நெட் வாய்கள் உள்ள ஒரு சிறு கணினி. ஒரு வாய், கேபிளிலேயே மின்சாரமும் தரும் எட்டுத் துளை வலையமைப்பு சுவிட்சுக்கு, அதில் ஆறு கேமராக்கள். மறுவாய் வீட்டு வலையமைப்புக்கு. கணினியில் பொதிகளை ஒரு வாயிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் வசதி அணைக்கப்பட்டிருக்கிறது. கேமராப் பக்கத்தில் ஐபிவி6 இல்லை, பெயர்ச்சேவை இல்லை, வெளியேறும் வழியும் இல்லை. ஃபர்ம்வேர்களைத் தனியே தரவிறக்கி, இந்தக் கணினி வழியாகவே ஏற்றினேன். அதற்குப் பின் டெல்நெட்டை அணைக்கும் பொத்தான் அமைப்புப் பக்கத்தில் தோன்றியது. ஒலிவாங்கிகளை அணைத்தேன். படத்தை எடுக்க மட்டும் உரிமை உள்ள பயனர் ஒருவரை ஒவ்வொரு கேமராவிலும் உருவாக்கி, நிர்வாகிக் கடவுச்சொற்களைத் தனித்தனியாக்கினேன். படம் வரும் ஆர்டிஎஸ்பி நெறிமுறையின் எளிய உறுதிப்படுத்தலில் கடவுச்சொல் மறைக்குறியாக்கம் இல்லாமல் போகிறது. வயர்ஷார்க்கில் என் கடவுச்சொல்லை நானே படிக்க முடிந்தது. கடவுச்சொல்லை அனுப்பாமல் அதிலிருந்து கணக்கிட்ட குறியை மட்டும் அனுப்பும் டைஜஸ்ட் முறைக்கு மாற்றியதும் அது நின்றது. படம் இன்னும் திறந்த நிலையில்தான் ஓடுகிறது, அந்தச் சுவிட்சுக்குள் மட்டும்.

சுவிட்சின் பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளுபொத்தான் உண்டு. ஒரு நிலையில் வைத்தால் கேமராத் துளைகள் ஒன்றோடொன்று பேச முடியாது, கணினித் துளையோடு மட்டுமே பேசும். ஒரு கேமரா கெட்டுப்போனாலும் மற்றவற்றைத் தொட முடியாது என்பதால் இது மிகப் பயனுள்ளது. அதற்கு அடுத்த நிலை 250 மீட்டர் கேபிளுக்கானது. அது வேகத்தை 10 மெகாபிட்டுக்கு இறக்கிவிடும். பொத்தான் அங்கே போய் நின்றிருந்த நேரத்தில் ஒவ்வொரு முழு ஃபிரேம் வரும்போதும் படம் கட்டம்கட்டமாகச் சிதறியது. கேபிளையும் கேமராவையும் சந்தேகப்பட்டு மாற்றிய பிறகே பொத்தானைப் பார்த்தேன்.

கடிகாரம் கெட்டது

துண்டித்தபின் ஒரு மின்வெட்டு வந்தது. திரும்பியபோது இரண்டு கேமராக்கள் 1970 ஜனவரி 1 என்று காட்டின. அவற்றுக்குள் கடிகாரத்தைத் தாங்கும் மின்கலம் இல்லை; அதுவரை நேரத்தை இணையத்திலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தன. மற்ற நான்கும் ஒன்றுக்கொன்று விலகத் தொடங்கியிருந்தன. கடிகாரத்தை ஓட்டும் சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் 1.7 நொடி ஓடிவிடும்.

சிறு கணினியில் குரோனி என்ற நேரச் சேவையை நிறுவினேன். அது வீட்டு வலையமைப்பின் வழியே உலக நேரத்தை வாங்கி, கேமராப் பக்கத்துக்குத் தன் பெயரில் நேரம் சொல்கிறது. வெளித்தொடர்பு அறுந்தாலும் தன் நேரத்தையே தொடர்ந்து சொல்லுமாறு அமைத்தேன். ஆறு கேமராக்களும் ஒத்துப்போவதுதான் முக்கியம், உலகத்தோடு ஒத்துப்போவது அவ்வளவு முக்கியமில்லை. கேமராக்களில் நேரம் கேட்கும் இடைவெளியை அவை அனுமதித்த மிகக் குறைந்த அளவுக்கு வைத்தேன்.

நேரம் சரியாகிவிட்டதா என்று சோதிக்க ஒரு கருவி வேண்டும். ஆர்டுயினோ என்ற சிறு நிரலாக்கப் பலகையில் இருபது எல்இடிகளை இரு வரிசையாகக் கோத்தேன். மேல் வரிசை ஒவ்வொரு மில்லிநொடிக்கும் ஒன்று நகரும்; கீழ் வரிசை 10 மில்லிநொடிக்கு ஒன்று. ஒரு ஃபிரேமைப் பார்த்தாலே 100 மில்லிநொடிச் சுற்றுக்குள் அது எப்போது எடுக்கப்பட்டது என்று படித்துவிடலாம். ஷட்டர் 4 மில்லிநொடி திறந்திருப்பதால் மேல் வரிசையில் நாலைந்து எல்இடிகள் சேர்ந்து எரிவது போலத் தெரியும். அவற்றின் நடுவை எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையைக் கிடைமட்டமாகப் பிடிப்பது அவசியம். இந்தக் கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பவை. பலகையைச் செங்குத்தாகத் திருப்பினால் அந்த வாசிப்பின் வேகமே தெரிந்துவிடும்; என்னுடையவற்றில் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையே சுமார் 30 மில்லிநொடி. தலையும் கணுக்காலும் வெவ்வேறு நேரத்தில் பதிவாகின்றன என்பதே இதன் பொருள். எனவே ஒவ்வொரு மூட்டுக்கும் அதன் வரி எண்ணைக் கொண்டு தனி நேரம் கணக்கிடுகிறேன்.

இந்தப் பலகைதான் பெரிய உண்மையைக் காட்டியது. அதுவரை ஃபிரேம் கணினிக்கு வந்து சேர்ந்த நேரத்தையே அதன் நேரமாக என் நிரல் எடுத்துக்கொண்டிருந்தது. வந்து சேரும் நேரம் குறியாக்கம், சுவிட்ச், இடைநினைவகம் எல்லாவற்றையும் தாண்டி வருவது. ஒரே கேமராவிலேயே 30 முதல் 120 மில்லிநொடி வரை ஆடியது. கேமராவே இடும் நேர முத்திரை வேறு. படப் பொதிகளில் நொடிக்கு 90,000 என்று ஏறும் எண் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணுக்கும் கேமராவின் கடிகாரத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் சிறு அறிக்கையை ஆர்டிசிபி என்ற துணை நெறிமுறை வழியே கேமரா சில நொடிகளுக்கு ஒருமுறை அனுப்புகிறது. ஜிஸ்ட்ரீமர் என்ற காணொளி மென்பொருள் கொண்டு அதைப் படித்தேன்.

அதிலும் ஒரு சிக்கல். கேமரா நேரம் கேட்டுத் திருத்தும்போது மெல்ல நகர்த்துவதில்லை, சட்டென்று தாவுகிறது. பதிவின் நடுவே தாவினால் மணிக்கட்டும் தாவும். ஆனால் 90,000 எண் தாவுவதில்லை, சீராக ஏறுகிறது. ஆகவே ஒரு பதிவில் வந்த எல்லா அறிக்கைகளையும் சேர்த்து, எண்ணுக்கும் நேரத்துக்கும் நடுவே ஒரே நேர்கோட்டைப் பொருத்திவிடுகிறேன். தாவல் வந்த பதிவானால், தாவலுக்கு முந்தைய அறிக்கைகளை மட்டும் கொண்டு கோடு போடுகிறேன். இதற்குப் பின் ஒரே மாடலின் நான்கு கேமராக்களும் 3 மில்லிநொடிக்குள் ஒத்துப்போயின. மற்ற இரண்டு மட்டும் எப்போதும் 58 மில்லிநொடி பின்தங்கின. அவை ஷட்டர் திறந்தபோது முத்திரையிடாமல் குறியாக்கம் முடிந்த பிறகு இடுகின்றன என்று கருதுகிறேன். மாறாத பிசகு என்பதால் கழித்துவிட்டால் போதும்.

ஷட்டர்கள் இன்னும் வெவ்வேறு கணத்தில்தான் திறக்கின்றன. எப்போது திறந்தன என்று தெரிந்துவிட்டதால், ஒவ்வொரு கேமராவிலும் மூட்டின் பாதையை இடைமதிப்பிட்டு ஒரே கணத்துக்குக் கொண்டுவர முடிகிறது.

அளவுத்திருத்தம், மூட்டுகள்

லென்ஸ் வளைவைத் திருத்த, செங்யூ ஜாங் 2000இல் வெளியிட்ட சதுரங்கப் பலகை முறையையே ஓப்பன்சிவி என்ற படச்செயலாக்க நிரல்தொகுப்பில் பயன்படுத்தினேன். பலகையில் 30 மில்லிமீட்டர் கட்டங்கள் என்று அச்சிட்டேன். வெர்னியரால் பத்துக் கட்டங்களை அளந்தால் 291 மில்லிமீட்டர்தான் வந்தது. அச்சுப்பொறி தாளுக்குள் அடக்குவதற்காக மூன்று சதவீதம் சுருக்கியிருந்தது. அதை நிரலுக்குச் சொல்லாவிட்டால் 40 சென்டிமீட்டர் தொடை 41.2 ஆகிவிடும். தாளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியது நல்ல முடிவு. அட்டையில் ஒட்டியது ஈரப்பதத்தில் வளைந்தது.

கேமராக்களின் இடங்களைக் கண்டறிய, இருண்ட அறையில் ஒளிரும் பந்தை வீசி அசைத்தேன். கடிகாரம் சரியாகும் முன் செய்தபோது மறுவீழ்ப்புப் பிழை (கணக்கிட்ட இடத்தை மீண்டும் படத்தில் வைத்தால் வரும் விலகல்) 9 பிக்சலில் அசையாமல் நின்றது. பந்து மெதுவாகப் போன இடங்களில் பிழை குறைவு, வேகமாகப் போன இடங்களில் அதிகம் என்று வரைபடம் காட்டியது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் பந்து 30 மில்லிநொடியில் 3 சென்டிமீட்டர் போகும். அது ஏறத்தாழ 9 பிக்சல். அதாவது பிழை லென்ஸில் இல்லை, நேரத்தில் இருந்தது. கடிகாரத்தைச் சரிசெய்த பின் அதே பந்து 0.8 பிக்சல் தந்தது.

மூட்டுகளைக் கண்டறிய, படத்தில் உடற்புள்ளிகளைக் காணும் ஆர்டிஎம்போஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கொண்டு ஒவ்வொரு கேமராவிலும் இருபரிமாணப் புள்ளிகளை எடுத்து, குறைந்தது மூன்று கேமராக்கள் ஒத்துக்கொண்டால் மட்டும் முப்பரிமாணத்தில் ஏற்கிறேன். முன்பு தொடையின் நீளம் ஒரே நடையில் 38 முதல் 46 சென்டிமீட்டர் வரை மாறிக்கொண்டிருந்தது, இப்போது 1.2 சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. நடைக்கு, 6 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளைக் குறைக்கும் பட்டர்வொர்த் வடிகட்டி பொருத்தமாக இருக்கிறது. பந்தெறிதலுக்கு அது மணிக்கட்டின் உச்ச வேகத்தையே அரித்துவிடுகிறது. நொடிக்கு 25 ஃபிரேமில் 12.5 ஹெர்ட்ஸுக்கு மேல் எந்தத் தகவலும் இல்லை. எறிதலை இந்த அமைப்பில் அளக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புள்ளிகள் கிடைத்தவுடன் காணொளியை அழித்துவிடுகிறேன். வட்டு முழுவதும் மறைக்குறியாக்கப்பட்டது. முகம் இல்லாத எலும்புக்கூட்டுப் புள்ளிகள்தானே என்று அவற்றை அலட்சியமாக வைத்துவிட முடியாது. நடையை வைத்தே ஆளை அடையாளம் காணும் முறைகள் இருக்கின்றன. பதிவில் பங்கேற்பவரிடம் இதைச் சொல்லி, எவ்வளவு காலம் வைத்திருப்பேன் என்றும் முன்கூட்டியே கூறுகிறேன்.

அடுத்த முறை

செலவில் சிறு கணினியும் வலையமைப்பு சுவிட்சும் சேர்ந்து கேமராக்களின் மொத்த விலையில் பாதியை எட்டின. அதற்கு வருந்தவில்லை. எல்இடி பலகைதான் எல்லாவற்றிலும் மலிவு. மீண்டும் தொடங்கினால் கேமரா வாங்கும் முன்பே அதைச் செய்து, கடையிலிருந்து வந்த ஒவ்வொரு மாடலையும் அதன் முன் நிறுத்திப் பார்ப்பேன். இரண்டு மாடல்களைக் கலக்கவே மாட்டேன். 58 மில்லிநொடியைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னும் இரண்டு கேமராக்களை மாட்டியிருக்கலாம்.

எறிதலையும் குதித்தலையும் ஒழுங்காக அளக்க, படம் முழுவதையும் ஒரே கணத்தில் வாசிக்கும் குளோபல் ஷட்டர் கேமராக்கள் வேண்டும், வெளித்துடிப்பு வாயும் இருக்க வேண்டும். இரண்டு மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யுஎஸ்பி வகையில் ஐபி முகவரியே இல்லை என்பது கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் கேபிள் சில மீட்டருக்கு மேல் நீளாது. அறையின் மூலைகளுக்கு ஈதர்நெட் வகைதான் எட்டும். அப்படியானால் அவையும் இதே மூடிய சுவிட்சில், இதே தள்ளுபொத்தான் நிலையில்தான் செருகப்படும். எறிதல் பதிவுகளின் அளவுகள் கிடைத்தபின் தனியாக எழுதுகிறேன்.